பள்ளிக் காய்கறித் தோட்டம்: 14 தன்னார்வலர்கள், 60 பிள்ளைகள், ஒரே குழாய். எப்படித் தொடங்குவது?

கரும்பலகை (கேள்வி)

வணக்கம். பள்ளி வளாகத்துக்குள் 40 அடிக்கு 25 அடி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். காலை எட்டு மணி முதல் மாலை மூன்று வரை நல்ல வெயில் விழுகிறது. ஐந்தாம், ஆறாம் வகுப்பில் தலா 30 பிள்ளைகள். ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ஒரு பீரியட், 40 நிமிடம். பெற்றோர், அக்கம்பக்கத்தார், ஓய்வு பெற்றவர்கள் என்று 14 பேர் உதவிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். குழாய் ஒன்றுதான், அதுவும் 60 அடி தள்ளி. சோதனைக்காக ஒரு பாத்தியில் 20 வெண்டைச் செடி ஏற்கெனவே நிற்கிறது, வயது ஒரு மாதம்.

எத்தனை பாத்தியில் தொடங்கலாம், என்ன போடலாம்? 14 பேருக்கும் வேலையை எப்படிப் பிரிப்பது? நீண்ட விடுமுறையில் தோட்டத்தை என்ன செய்வது? விளைந்ததைப் பள்ளிச் சமையலறைக்குக் கொடுக்க ஆசை. சாத்தியமா? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

நாற்றங்கால் (பதில்)

பெயர் கொடுத்தவர்கள் 14 பேர் என்பதை வைத்துப் பாத்திகளை எண்ணாதீர்கள். வேறு யாருமே வராத வாரத்தில் இரண்டு பேர் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் விட்டுக் களை எடுத்து முடிக்கக்கூடிய அளவு எதுவோ, அதுதான் உங்கள் தோட்டத்தின் அளவு. வெண்டைப் பாத்தியையும் சேர்த்து 6 பாத்தி போதும்.

அகலம் 3 அடி, நீளம் 10 அடி. பெரியவர்களுக்கு 4 அடி சரிப்படும். பத்து வயதுப் பிள்ளையின் கை பாத்தி நடுவுக்கு எட்டாது, எட்டாவிட்டால் உள்ளே கால் வைத்துவிடும், மிதிபட்ட மண் இறுகிவிடும். அதனால் 3 அடிக்கு மேல் போகாதீர்கள். பாத்திகளுக்கு இடையே 2 அடி நடைபாதை. நடுவில் செல்லும் பாதை மட்டும் குறைந்தது 3 அடி இருக்கட்டும், தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போக வேண்டும். இப்படி வரைந்தால் இடத்தில் பாதிகூட நிரம்பாது. மீதியை வீண் என்று நினைக்க வேண்டாம். 30 பிள்ளைகள் உட்கார ஓர் இடம், மட்குக் குழி, கருவிப் பெட்டி எல்லாம் அங்கேதான் வர வேண்டும்.

பழைய கட்டடச் சுவரை ஒட்டிப் பாத்தி போடாதீர்கள். பழைய பெயின்டில் காரீயம் கலந்திருக்கலாம். உரிந்து விழுந்த தூள் சுவரடி மண்ணிலேயே தங்கிவிடும், மட்கிப் போகாது. சந்தேகம் இருந்தால் விதைக்கும் முன்பே மண்ணை ஆய்வகத்தில் கொடுத்துக் காரீயத்துக்குச் சோதித்துவிடுங்கள்.

மண் தயாரிப்புக்கு: ஒரு முழு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்தி, மேலே 2 அங்குல கனத்தில் மட்கு உரம் பரப்பிக் கலக்க வேண்டும். 3 க்கு 10 பாத்திக்கு இது சுமார் 140 லிட்டர், அதாவது 10 லிட்டர் வாளியில் 14 வாளி. உரம் முற்றிலும் மட்கியிருக்க வேண்டும். ஒரு கை அள்ளி முகர்ந்தால் மழை நனைத்த மண் வாசம் வரும், போட்ட இலை எது காம்பு எது என்று தெரியாது. மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் இன்னும் வேகவில்லை, அதைப் போட்டால் நாற்றின் வேர் கருகும்.

பயிரைப் பொறுத்தவரை, முதல் அறுவடை நான்கு வாரத்துக்குள் பிள்ளைகள் கையில் வர வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் ஆர்வம் வற்றிவிடும், பிறகு இழுத்துப் பிடிப்பது கஷ்டம். வெந்தயக் கீரை 20 முதல் 25 நாள், முளைக்கீரை 25 முதல் 30 நாள், சிறிய உருண்டை முள்ளங்கி 25 முதல் 30 நாள். இவை ஒரு பாத்தியில் இருக்கட்டும். இரண்டாவதில் குத்துச்செடி பீன்ஸ், 50 முதல் 60 நாள். மூன்றாவதில் தக்காளி, நான்காவதில் கத்தரி. இந்த இரண்டையும் நேரடியாக விதைக்காமல் குழித்தட்டில் 25 முதல் 35 நாள் வளர்த்து நடுங்கள். நட்ட பிறகு காய்க்க இன்னும் இரண்டு மாதமோ சற்றுக் கூடுதலாகவோ ஆகும். அதனால் நாற்று விடும் வேலையைப் பாத்தி வெட்டும் நாளிலேயே தொடங்கிவிடுங்கள். ஐந்தாவது பாத்தியைக் காலியாக வையுங்கள். அடுத்த விதைப்புக்கு அது வேண்டும்.

கீரை விதையைப் பிள்ளைகள் கையில் அப்படியே கொடுத்தால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். கடுகைவிடச் சின்ன விதை, விரலில் ஒட்டும். அரை டீஸ்பூன் விதையை ஒரு டம்ளர் உலர்ந்த மணலோடு கலந்து, பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுங்கள். வெளிர் மணல் கறுப்பு மண்மேல் விழும்போது எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்று பிள்ளைக்கே தெரியும். பிறகு உள்ளங்கையால் லேசாகத் தட்டினால் போதும், மண் போட்டு மூடத் தேவையில்லை. மற்ற விதைகளுக்குப் பொது விதி: விதையின் கனத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம். வெண்டை, பீன்ஸ் என்றால் ஒரு அங்குலத்துக்குள்.

சமையலறை விஷயத்தில் கணக்கைப் பார்த்துவிட்டு வாக்குக் கொடுங்கள். முழுப் பாத்தி முளைக்கீரை நன்றாக வந்தால் ஒரு அறுப்புக்கு 3, 4 கிலோ. 300 பேர் சாப்பிடும் பள்ளியில் தலைக்கு 10 கிராம் சொச்சம். தினமும் தருகிறோம் என்று சொல்லாதீர்கள். வாரம் ஒரு நாள், ஒரே ஒரு பொருள் என்று சமைப்பவர்களிடம் பேசி வையுங்கள். அவர்கள் அடுப்பு மூட்டும் நேரத்துக்கு முன், கழுவி, எடை போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மண்ணோடு ஒரு கூடைக் கீரை திடீரென்று வந்து நின்றால் அவர்களுக்கு அது சுமைதான்.

முறைப்பட்டியல் (பதில்)

தோட்டம் பூச்சியால் அழிவதைவிட ஆள் மாறும் இடைவெளியில் அழிவதுதான் அதிகம். எனவே தன்னார்வலர் பகுதியை நான் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பள்ளியோடு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர்க் கட்டணம் யாருடையது, சாவி யாரிடம், விடுமுறை நாளில் கேட் திறப்பது யார், விளைச்சலை எங்கே கொடுப்பது என்று யார் முடிவு செய்வது, படம் எடுக்கலாமா, தலைமை ஆசிரியர் மாறினால் என்ன. இதில் கையெழுத்துப் போடுபவர்களோடு காவலாளியையும் துப்புரவுப் பணியாளரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். சனிக்கிழமை காலை கேட் திறப்பதும் குழாயை மூடுவதும் அவர்கள் கையில் இருக்கிறது. அவர்களிடம் சொல்லாமல் குவித்து வைத்த காய்ந்த இலை மறுநாள் குப்பையோடு போய்விடும், அது அவர்கள் தவறு அல்ல.

14 பேர் என்றால் எந்த வாரத்திலும் 5, 6 பேர் வருவார்கள் என்று வைத்துத் திட்டமிடுங்கள். "முடிந்தபோது வாங்க" என்று சொன்னால் யாருக்கும் முடியாது. "மாதம் இரண்டு செவ்வாய், காலை 7 முதல் 8:30 வரை, களையும் தண்ணீரும்" என்று கேளுங்கள். 90 நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். சுழற்சி முறைப் பட்டியலைவிட, ஆளுக்கு ஒரு நிரந்தரக் கிழமை என்பதே நிற்கிறது. சுழற்சியில் "இந்த வாரம் நானா?" என்ற குழப்பம் ஓயவே ஓயாது. ஒவ்வொரு கிழமைக்கும் இரண்டு பேர், ஒரு மாற்று ஆள். வர முடியாதவர் முந்தின நாள் மாலைக்குள் தானே மாற்று ஆளிடம் பேசிக் குழுவில் போட வேண்டும். ஒருங்கிணைப்பாளர் தேடி ஓடக் கூடாது. ஒருங்கிணைப்பாளருக்குத் துணையாக இன்னொருவர் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். சாவி இருக்குமிடம், குழாய் வால்வு, விதை வாங்கிய கணக்கு எல்லாம் இருவருக்கும் தெரிய வேண்டும்.

எல்லாரும் குனிந்து கொத்த முடியாது. முட்டி வலி உள்ளவர் நாற்றுத் தட்டைப் பார்த்துக்கொள்வார், தச்சு தெரிந்தவர் கருவிப் பலகை செய்வார், இன்னொருவர் கணக்கெழுதுவார். பெயர் கொடுக்கும் தாளிலேயே "உங்களால் முடிந்தது எது" என்று ஒரு கட்டம் வையுங்கள்.

வாட்ஸ்அப் குழு அறிவிப்புக்கு மட்டும். தோட்டத்தின் நினைவு அதில் இருக்க முடியாது, நூறு காலை வணக்கத்துக்குக் கீழே புதைந்துவிடும். கருவிப் பெட்டியின் கதவில் ஒரு நோட்டைக் கட்டுங்கள், நூலில் ஒரு பென்சில். பேனா வேண்டாம், ஈரத்தில் மை கரையும். நான்கே பத்தி: தேதி, செய்தது, பார்த்தது, அடுத்தவர் செய்ய வேண்டியது. "பாத்தி 4, கத்தரி நுனி இரண்டு தொங்குகிறது, நறுக்கினேன், வியாழன் மறுபடி பார்க்கவும்." இப்படி ஒரு வரி இருந்தால் வியாழக்கிழமைக்காரர் எங்கே போக வேண்டும் என்று தெரிந்தே வருவார். (அது தண்டுத் துளைப்பான். வாடிய நுனிக்கு ஓரிரு அங்குலம் கீழே நறுக்கினால் தண்டுக்குள் புழு தெரியும். நறுக்கியதை மட்குக் குழியில் போடாமல் அழித்துவிடுங்கள்.)

தண்ணீரை ஒருவர் காலையில் விட, தெரியாமல் இன்னொருவர் மாலையில் விட, நாற்று அழுகுவது அடிக்கடி நடக்கும். ஒவ்வொரு பாத்தியின் முனையிலும் ஒரு குச்சி, அதில் துணி கிளிப் ஒன்று. தண்ணீர் விட்டவர் கிளிப்பை மேலே ஏற்றுவார், மறுநாள் முதலில் வருபவர் கீழே இறக்குவார். அதற்குப் பிறகும் சந்தேகம் என்றால் ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் குத்திப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்று விட வேண்டாம், மேல்மண் காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இன்னொரு தகராறு: பிள்ளைகள் விதைத்ததைப் பெரியவர்கள் களை என்று பிடுங்குவது, பெரியவர்கள் நட்டதைப் பிள்ளைகள் பிடுங்குவது. எதையும் கயிறு கட்டி நேர் வரிசையில் விதைத்தால் இது பாதி தீரும். வரிசைக்கு வெளியே முளைத்தது களை. தூவி விதைத்த கீரைப் பாத்தியில் முதல் பத்து நாள் யாருமே கை வைக்கக் கூடாது, நடைபாதைக் களையை மட்டும் எடுங்கள். அதைவிட முக்கியமானது, தன்னார்வலர் பிள்ளைகளின் வேலையைத் தான் செய்துவிடக் கூடாது. வரிசை கோணலாக இருந்தால் இருக்கட்டும், முளை வரும். மாலையில் பெரியவர் வந்து நேராக்கிவிட்டால் மறு வாரம் அந்தப் பிள்ளை பாத்தியைத் தேடி வராது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தன்னார்வலர்களுக்கு உங்கள் நாட்டுச் சட்டம் கேட்கும் பின்னணிச் சரிபார்ப்பு முடியும்வரை பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் அவர்களை அழைக்காதீர்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள். கழிப்பறைக்குக் கூட்டிச் செல்வது பள்ளி ஊழியர் வேலை. பிள்ளைகளோடு கைபேசி எண் பரிமாற்றம் கிடையாது. வருகைப் பதிவில் நுழைந்த நேரமும் போன நேரமும் இருக்க வேண்டும்.

நீர்க்கணக்கு (பதில்)

தண்ணீர் பற்றி யாரும் எண்ணைச் சொல்லவில்லை. வெயில் காலத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் பக்கம் வேண்டும், கடும் வெயிலில் 7, 8 வரை போகும். உங்கள் பாத்தி 2.8 சதுர மீட்டர். ஆக ஒரு பாத்திக்கு 14 லிட்டர், ஆறுக்கும் 84 லிட்டர். 60 அடி தள்ளியுள்ள குழாயிலிருந்து 5 லிட்டர் பூவாளியில் 17 நடை. பிள்ளைகளுக்குப் பத்து லிட்டர் வாளி கொடுக்காதீர்கள், நிறைந்தால் பத்துக் கிலோவுக்கு மேல். ஒரு வகுப்புக்கு 5 லிட்டர் பூவாளி ஆறு இருந்தால் சுழற்சியில் எல்லாருக்கும் கிடைக்கும்.

தினசரித் தண்ணீரை ஆட்களை நம்பி விடாமல் சொட்டுநீர் போடுவது நல்லது. பாத்திக்கு 16 மி.மீ குழாய் இரண்டு வரிசை, 30 செ.மீ இடைவெளியில் மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டுவான். ஒரு வரிசையில் 10, மொத்தம் 20 சொட்டுவான், மணிக்கு 40 லிட்டர். 14 லிட்டருக்கு 20 முதல் 22 நிமிடம் ஓட வேண்டும். மணற்பாங்கான மண்ணாக இருந்தால் காலையில் பாதி, மாலையில் பாதி, இல்லாவிட்டால் வேருக்குக் கீழே ஓடிவிடும். ஃபில்டர் இல்லாமல் போடாதீர்கள். வாரம் ஒரு முறை ஃபில்டரைக் கழுவி, ஒவ்வொரு குழாயின் கடைசி மூடியையும் திறந்து கலங்கல் போகும்வரை ஓட விடுங்கள். பேட்டரி டைமர் இருந்தால் அதன் பேட்டரியை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மாற்றிவிடுங்கள். விடுமுறையில் பேட்டரி தீர்ந்தால் யாருக்கும் தெரியாது.

ஆனால் ஒரு பாத்தியைப் பூவாளிக்கென்றே விட்டுவையுங்கள். சொட்டுநீரில் பிள்ளைகளுக்கு வேலையே இல்லை, மண் எப்போது காய்கிறது என்று கற்கவும் முடியாது. கீரைப் பாத்தி அதற்குப் பொருத்தம், தூவி விதைத்ததற்குச் சொட்டுநீர் சமமாகவும் பரவாது.

வாரக் கடைசியைக் கவனியுங்கள். வெள்ளி மாலை நன்றாக ஊறத் தண்ணீர் விடாவிட்டால், திங்கள் காலையில் குழித்தட்டு நாற்றுகள் சாய்ந்து கிடக்கும். ஒரு குழியில் இருப்பது இரண்டு மூன்று ஸ்பூன் தென்னை நார்க்கழிவுதான், ஒரு நாள் வெயிலுக்கே காய்ந்துவிடும். நாற்றுத் தட்டை சனி, ஞாயிறில் நிழலுக்கு மாற்றுங்கள், அல்லது ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும்.

மேட்டுப்பாத்திக்குப் பலகை அடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். ஒரு அடி ஆழக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். 12 மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால் மேட்டுப்பாத்தி தேவை. சீக்கிரம் வடிகிற மண்ணில், வெயில் கொளுத்தும் இடத்தில் மேட்டுப்பாத்தி இரண்டு மடங்கு தொல்லை, நான்கு பக்கமும் காயும். அங்கே தரைமட்டமோ, இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்த பாத்தியோ நல்லது. எதுவானாலும் 3 அங்குல மூடாக்கு, காய்ந்த இலையோ வைக்கோலோ, தண்டைத் தொடாமல் இரண்டு விரல் தள்ளி.

விடுமுறைக் கேள்விக்கு: நாட்காட்டியில் விடுமுறை தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசிக் கீரை விதைப்பு 30 நாள் முன்பு, கடைசி வெண்டை 90 நாள் முன்பு. பறிக்க ஆளில்லாத வெண்டை இரண்டே நாளில் நாராகும், முற்றிய காயைச் செடியில் விட்டால் புதுக் காய் நின்றுவிடும். விடுமுறையில் பாதிப் பாத்திகளில் சணப்பு (மண்ணிலேயே மடக்கி உரமாக்கும் பசுந்தாள் பயிர்) விதையுங்கள், பாத்திக்கு 10 முதல் 15 கிராம். விதைத்து முளைக்கும்வரைதான் கண்காணிப்பு தேவை. 40, 45 நாளில் பூ விடத் தொடங்கும்போது வெட்டி மடக்கி, இரண்டு மூன்று வாரம் மட்க விட்டுப் பிறகு விதைக்கலாம். காய் பிடிக்க விடாதீர்கள், சணப்பு விதை உண்ணத் தகாதது. மற்றப் பாதியில் சர்க்கரைவள்ளிக் கொடி. தரையை மூடிக் களையை அடக்கும், மூன்றரை நான்கு மாதத்தில் பிள்ளைகள் திரும்பி வந்து தோண்டலாம். விடுமுறைப் பொறுப்பை வாரத்துக்கு ஒரு குடும்பம் என்று பிரித்து, அந்த வாரம் விளைவது அந்தக் குடும்பத்துக்கே என்று சொல்லிவிடுங்கள்.

வேலியோரம் (பதில்)

சுருக்கமாக மூன்று எச்சரிக்கை.

தண்ணீர் சேர்க்கும் டிரம்மைத் திறந்து வைக்காதீர்கள். சின்னப் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் வெளியே வர முடியாது. பூட்டும் மூடி, அதற்கடியில் கொசு வலை. தட்டிலோ வாளியிலோ நிற்கும் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது கவிழ்த்துக் கொட்டுங்கள். வெப்பமான நாட்களில் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும்.

வேலியில் அரளி, ஆமணக்கு, ஊமத்தை இருந்தால் முதல் வேலையாக அகற்றுங்கள். ஊமத்தை தானாகவே கீரைப் பாத்திக்குள்ளும் முளைக்கும். இளம் இலை கீரையோடு கலந்தால் சமைத்த பிறகு கண்டுபிடிக்க முடியாது, சமைத்தாலும் நஞ்சு போகாது. கீரை பறிக்கும்போது பெரியவர் ஒருவர் கூடைக்குப் போகும் முன் ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்க்கட்டும். எந்த இலை என்று பெயர் சொல்ல முடியவில்லையோ, அது கூடைக்குள் போகக் கூடாது.

கருவிகளை ஒரு பலகையில் மாட்டி, ஒவ்வொன்றின் உருவத்தையும் பெயின்டால் வரைந்துவிடுங்கள். பீரியட் முடிந்ததும் காலியான உருவம் தெரிந்தால் மண்ணுக்குள் ஏதோ ஒரு கைக்கொத்து கிடக்கிறது என்று அர்த்தம். அரிவாள், கத்தி பெரியவர்களுக்கு மட்டும். பிள்ளைகளுக்கு முனை மழுங்கிய கத்தரிக்கோல்.

கரும்பலகை

அனைவருக்கும் மிக்க நன்றி. நோட்டும் துணி கிளிப்பும் இந்த வாரமே வைத்துவிடுகிறோம். மேலும் மூன்று சந்தேகம். ஒரு தன்னார்வலர் இரண்டு வண்டி பசும்சாணம் தர முன்வந்திருக்கிறார், வாங்கலாமா? 30 பிள்ளைகளை 40 நிமிடத்தில் எப்படிச் சமாளிப்பது? வெண்டையில் 20 செடியில் 4 செடியின் இலை மஞ்சளாகிறது, வேப்பெண்ணெய் அடித்தால் சரியாகுமா?

நாற்றங்கால்

சாணத்தை வாங்குங்கள், ஆனால் பாத்தியில் போடாதீர்கள். பச்சைச் சாணத்தில் குடலைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கும், கீரையும் முள்ளங்கியும் மண்ணைத் தொட்டு வளர்பவை. பச்சைச் சாணம் இட்ட மண்ணில், மண்ணைத் தொடும் விளைச்சலுக்கு 120 நாள், தொடாததற்கு 90 நாள் இடைவெளி விட்டுத்தான் அறுக்க வேண்டும் என்பது இயற்கை வேளாண்மைச் சான்றளிப்பில் பயன்படும் விதி. பள்ளிக்கு அதைவிடக் குறைக்க முடியாது. மட்குக் குவியலில் சேர்ப்பதே நல்ல வழி: காய்ந்த இலை மூன்று பங்கு, சாணமும் பச்சைக் கழிவும் ஒரு பங்கு, குவியல் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது ஒரு மீட்டர். அதைவிடச் சின்னதாக இருந்தால் சூடு ஏறாது. உள்ளே 55 டிகிரி தாண்ட வேண்டும். புரட்டிப் போட்டு வெளிப்பக்கத்தை உள்ளே கொண்டுவந்தால்தான் எல்லாப் பகுதியும் சூடாகும். இந்தக் குவியலைப் புரட்டுவது பெரியவர்கள் வேலை.

முறைப்பட்டியல்

40 நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள்: வகுப்பிலிருந்து வந்து உட்கார்ந்து வேலையைக் கேட்க 5, வேலை 22, கருவி எண்ணி மாட்ட 3, சோப்புப் போட்டுக் கை கழுவ 6, நோட்டில் எழுத 4. கை கழுவ 6 நிமிடம் அதிகம் என்று தோன்றும். ஒரே குழாயில் 30 பேர், ஒவ்வொருவருக்கும் 20 விநாடி சோப்பு. வரிசையைப் போட்டுப் பார்த்தால் அதுவே பத்தாது. எனவே குழாய் பொருத்திய வாளி இன்னும் இரண்டை மேசைமேல் வையுங்கள்.

வேலை நேரத்தில் 30 பேரும் ஒரே பாத்தியைச் சுற்றி நிற்கக் கூடாது. ஐந்து குழு, குழுவுக்கு 6 பேர், ஒரு பெரியவர். ஒன்று விதைப்பு அல்லது நடவு, ஒன்று தண்ணீர், ஒன்று களை, ஒன்று அளவெடுப்பு, ஒன்று மட்குக்கு இலை கிள்ளுதல். அந்தந்தக் குழு அடுத்த வாரம் அடுத்த வேலைக்கு நகரும், ஒரே நாளில் மாற்றாதீர்கள், நேரம் நகர்வதிலேயே போய்விடும். அளவெடுக்கும் குழுவை ஒப்புக்கு வைக்காதீர்கள். குறித்து வைத்த மூன்று செடியின் உயரம், இலை எண்ணிக்கை, அன்று பறித்ததின் எடை. கணக்குப் பாடத்துக்கு அந்த எண்களை ஆசிரியர் எடுத்துக்கொண்டால் தோட்டப் பீரியடை யாரும் ரத்து செய்ய மாட்டார்கள். அன்றைக்குப் பெரியவர்கள் மூன்று பேர்தான் வந்தார்கள் என்றால் குழு மூன்று. மீதிப் பிள்ளைகள் ஆசிரியரோடு உட்கார்ந்து வரையட்டும், பாதி நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

வெண்டை இலையின் பின்புறச் சுணை சில பிள்ளைகளுக்கு அரிக்கும். அதைப் பறிப்பவர்களுக்கு முழுக்கைச் சட்டையோ கையுறையோ கொடுங்கள்.

நீர்க்கணக்கு

மஞ்சள் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நரம்பு பச்சையாக, நடுப்பகுதி மஞ்சளாக இருந்தால் இரும்பு, மெக்னீசியம் மாதிரி சத்துக் குறைவு, அல்லது தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டுகிறது. நரம்பு மட்டும் வலைபோல மஞ்சளாகி, இடைப்பட்ட பகுதி பச்சையாகவே இருந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல். வைரஸ் நோய், எந்த மருந்தாலும் அந்தச் செடி திரும்பாது. காய் சிறுத்து வெளிறிப் போகும், சாப்பிட்டால் கெடுதல் இல்லை, ஆனால் செடி நின்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் மற்றச் செடிக்கு ஆபத்து.

பரப்புவது வெள்ளை ஈ. வேப்பெண்ணெய் அதைக் குறைக்கத்தான் உதவும்: லிட்டருக்கு 3 முதல் 5 மில்லி, கரைவதற்கு சில சொட்டு சோப்புக் கரைசல், மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி. பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பெரியவர்கள் அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். மஞ்சள் ஒட்டும் அட்டை இரண்டை செடி உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். எத்தனை ஈ ஒட்டுகிறது என்று அளவெடுக்கும் குழு வாரா வாரம் எண்ணலாம்.

நரம்பு மஞ்சள் என்று உறுதியானால் நான்கு செடியையும் நாளைக்கே எடுத்துவிடுங்கள். காலையில், வெயில் ஏறும் முன். அந்தக் குளிர்ச்சியில் வெள்ளை ஈ மந்தமாக இலையடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். செடியை உலுக்காமல் மேலிருந்து ஒரு பையை மெதுவாக மாட்டி, வாயைத் தண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பிறகு வேரோடு பிடுங்குங்கள். முதலில் பிடுங்கிவிட்டுப் பைக்குள் திணித்தால் ஈ எல்லாம் பக்கத்துச் செடிக்குப் பறந்துவிடும். நான்கு இடம் காலியானால் அங்கே மறுபடி வெண்டை ஊன்ற வேண்டாம், பீன்ஸ் போடுங்கள். நோட்டில் தேதியோடு எந்தெந்தச் செடி என்று குறித்து வையுங்கள். மீதி 16 செடியை அடுத்த மூன்று வாரம் வருபவர்கள் இலை இலையாகப் பார்க்க வேண்டும்.